ஔனேயின் காது

கையுறையின் விளிம்பை உடையின் கைப்பகுதியோடு சேர்த்து டேப் ஒட்டும்போது சேய்யா எப்போதுமே கொஞ்சம் அதிகமாக இறுக்குவாள். இன்று அதைவிடவும் இறுக்கினாள். ரெய்யோ கையை நீட்டிக்கொண்டு சிறுபிள்ளை போல நின்றிருந்தார். விமான நிலையத்தின் மற்ற நடமாட்டங்களிலிருந்து ஒதுக்கி, ஓடுதளத்தின் கோடியில் நிறுத்தியிருந்தார்கள் அந்த விமானத்தை. மார்ச் மாத வெயில் பனிச்சேற்றின் மேல் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பயணிகளை ஏற்றிய பேருந்துகள் போய்விட்டன. அதற்கும் முன்பாக, பின்வாசல் வழியே ஒரு கிழவியைத் தூக்குப்படுக்கையில் வைத்து, பிளாஸ்டிக் கூடாரம் போல மூடி, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவளைத் தூக்கியவர்களும் தலைமுதல் கால்வரை வெள்ளையாக மூடித்தான் இருந்தார்கள் என்று சேய்யா சொன்னாள்.

"நாளன்னிக்குப் பேரனைத் தூக்கப்போற கை இது" என்றாள் சேய்யா, டேப்பைப் பல்லால் கடிக்க முடியாமல் கத்தரியைத் தேடியபடி. "உள்ள காத்துகூட நுழையக் கூடாது. உன் மக என்னைத்தான் வந்து கேப்பா."

"அவ உன்னைப் பார்த்ததே இல்லியே."

"தேடிக்கிட்டு வருவாய்யா. பொண்ணுங்களைப் பத்தி உனக்கென்ன தெரியும்."

ரெய்யோ முகமூடிக்குள் சிரித்தார். அது வெளியே தெரிந்திருக்காது.

மற்ற நாட்களில் இருவரும் சாதாரணமாக விமானங்களைக் கூட்டித் துடைப்பவர்கள்தான். நோயாளி வந்த விமானம் என்றால் மட்டும் அதற்கென்று பயிற்சி எடுத்த சிலரைக் கூப்பிடுவார்கள். ஒருவர் உள்ளே போவார், இன்னொருவர் படிக்கட்டின் கீழே நின்று காவல் காப்பார். உள்ளே போனவர் வெளியே வந்து உடையைக் கழற்றும்போது ஒரு விரல்கூடத் தப்பாகப் படாமல் பார்த்துக்கொள்வது காவல் நிற்பவரின் பொறுப்பு. பெரும்பாலும் அம்மை, இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. இன்றைக்கு மேற்பார்வையாளன் இல்க்கா போனில் பேசிய விதமே வேறாக இருந்தது. கிழவி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறாள், கடும் காய்ச்சல், மூக்கிலிருந்து ரத்தம் வந்திருக்கிறது, அவள் இருந்த ஊருக்குப் பக்கத்து நாட்டில் ரத்தம் கசியவைக்கும் காய்ச்சல் ஒன்று உலவுவதாகப் பேச்சு. அதுவாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதுதான் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள் என்றான். உள்ளே போகிற முறை ரெய்யோவுடையது. தான் போவதாக சேய்யா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு இருக்கிற மூச்சிரைப்புக்கு அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு பாதி விமானம்கூடத் தாண்ட மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

பேரன் பிறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. இன்னும் பெயர் இல்லை. ஞானஸ்நானம் வரைக்கும் பெயரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது அந்த நாட்டு வழக்கம்; பெற்றவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். அதுவரை 'மொட்டு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன மாதம் மகள் ஹென்னா போன் செய்து, ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்திக்கொள்கிறவராக நீங்கள் இருக்க முடியுமா என்று கேட்டாள். ஹென்னா வளர்ந்த வருஷங்கள் முழுக்க ரெய்யோ கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டு ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் இருந்தவர். மனைவி மர்யூத் பிரிந்துபோய் தௌனோ என்கிற ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டாள். பள்ளி விழாக்களில் உட்கார்ந்தது, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது எல்லாம் தௌனோதான். அதனால் கையில் ஏந்துவதும் தௌனோவாகத்தான் இருக்கும் என்று ரெய்யோ தனக்குள் முடிவுகட்டி, அதற்கு வருத்தப்பட்டும் முடித்திருந்தார். "என்னப்பா, சத்தத்தையே காணோம்" என்றாள் ஹென்னா. சரி என்றார். மறுநாள் சேய்யாவைக் கூட்டிக்கொண்டு போய் கருநீலத்தில் ஒரு கோட்டு வாங்கினார். டை அவள் தேர்ந்தெடுத்தது.

விமானத்துக்குள் சத்தமே இல்லை. காற்று மட்டும் மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தது; அதை நிறுத்தக் கூடாது என்பது விதி. முகமூடிக்குள் தன் மூச்சு போய்வருவதை ரெய்யோ கேட்டார். அவசரமாக இறக்கிவிடப்பட்டவர்களின் விமானம் எப்படி இருக்கும் என்று அவருக்குப் பழக்கம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் சில வரிசைகளைக் கடக்கும்போது, கூட்டமாக ஜனங்கள் இருந்த வீட்டுக்குள் அவர்கள் எல்லோரும் எழுந்துபோன பிறகு நுழைந்துவிட்டது போல ஒரு கூச்சம் வரும். கடித்து வைத்த ஆப்பிள். யாரோ கழற்றிப்போட்ட ஒற்றைக் கம்பளிக் காலுறை. ஒரு திரையில் இன்னும் படம் ஓடிக்கொண்டிருந்தது, ஒலியில்லாமல் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்தை நோக்கித்தான் போக வேண்டும். முன்னாலிருந்து தொடங்கி, கைப்பிடி, பெல்ட் கொக்கி, தட்டுப் பலகை, ஜன்னல் மூடி என்று துடைத்துக்கொண்டே பின்னால் போனார். துடைத்தால் போதாது, கிருமிநாசினியின் ஈரம் சொன்ன நேரம்வரை காயாமல் நிற்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது, காற்றால் ஊதக் கூடாது; எது எங்கே ஒட்டியிருக்கிறதோ அது கிளம்பிவிடும்.

கிழவியின் இடம் கடைசிக்குச் சற்று முன்னால், ஜன்னலோரம். சீட்டின் முதுகில் ரத்தம் அதிகமில்லை, ஒரு கைக்குட்டை அளவுக்கு. தரையில் வாந்தி எடுத்த இடத்தைப் பணிப்பெண் யாரோ போர்வை போட்டு மூடியிருந்தாள். அந்தப் போர்வையை மடக்கிச் சுருட்டி மஞ்சள் பைக்குள் போடும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில். முதலில் விமானத்தில்தான் ஏதோ பழுது என்று நினைத்தார். தலையைத் திருப்பினால் நின்றது, போர்வையை அசைத்தால் மறுபடி வந்தது. கொசு ஒன்று உடைக்குள் மாட்டிக்கொண்டுவிட்டதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மார்ச் மாதத்தில் ஏது கொசு. மண்டியிட்டு சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் விரலை விட்டார். காது கேட்கும் கருவி ஒன்று, பாதாம்பருப்பு அளவில், தோல் நிறத்தில், கையுறை பட்டதும் இன்னும் உரக்க விசிலடித்தது. இன்னொன்றைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு காதுக்குத்தான் போலிருக்கிறது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் குந்தியே இருந்தார். கிழவி இப்போது எங்கே இருப்பாள் என்று யோசித்தார். மூடிய கதவுக்குள் ஒரு படுக்கை. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் தன்னைப்போல வெள்ளையாக, வாய் தெரியாமல், கண் மட்டும் தெரிய. உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது. ஏதோ கேட்பார்கள், ஊசி குத்துவார்கள், போய்விடுவார்கள். என்ன நடக்கிறதென்று அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழுந்திருக்காது. ரெய்யோ வாக்கி-டாக்கியை அழுத்தி இல்க்காவிடம் சொன்னார்.

பைக்குள் போட்டுவிடச் சொன்னான் இல்க்கா. கெட்டியான பொருள்தானே, துடைத்துக் கொடுத்துவிடலாம் என்றார் ரெய்யோ. திங்கட்கிழமை சுகாதாரத் துறையிடம் கேட்கலாம், அதுவரை பைக்குள்ளேயே இருக்கட்டும் என்றான். அவன் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கட்டிய மஞ்சள் பைகள் திங்கட்கிழமை எங்கே இருக்கும் என்று இருவருக்குமே தெரியும். வண்டி வந்து அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய் எரித்துவிடும்.

"சரி" என்றார் ரெய்யோ.

பிறகு கருவியைத் துடைத்தார். ஈரத்தோடு வைத்திருந்து மறுபடி துடைத்தார். ஜிப் வைத்த சின்னப் பைக்குள் போட்டு, அந்தப் பையைத் துடைத்து, இன்னொரு பைக்குள் போட்டார். சீட்டு உறைகளை உரித்தார், கழிப்பறையை முடித்தார், மஞ்சள் பைகளைக் கட்டினார். இறங்கி வந்து உடையைக் கழற்றும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த சேய்யா, அந்தச் சின்னப் பையை அவர் படியோரத்தில் வைத்ததைப் பார்த்து நிறுத்தினாள். அது விசிலடித்தது. அவள் வானத்தைப் பார்த்தாள்.

"இந்த ஏரோப்ளேனுங்க எல்லாம் பழசாயிடுச்சு" என்றாள். "என்னென்னவோ சத்தம் போடுது. இடது கையுறை. உள்பக்கம் தொடாம."

குளித்து உடை மாற்றிக்கொண்டு ரயிலேறியபோது பிற்பகலாகியிருந்தது. ஹெல்சிங்கிக்குப் போகும் ரயில். கிழவியை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்பது தெரிந்ததுதான், இந்த மாதிரி நோயாளிகளை வைக்க அங்கே மட்டும்தான் இடம் உண்டு. கோட்டுப் பையில் கிடந்த கருவி அமைதியாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று கத்த ஆரம்பித்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், அவள் மடியில் இருந்த நாய் காதைத் தூக்கியது. ரெய்யோ பையை வெளியே எடுத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். இப்படிக் கத்திக்கொண்டே இருந்தால் போய்ச் சேர்வதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும், தீர்ந்துபோனதைக் கொண்டுபோய்க் கொடுத்து என்ன பிரயோசனம் என்று தோன்றியது. இரண்டு பைகளையும் திறந்தார். நகத்தால் அந்தக் குட்டிக் கதவைத் தள்ளி பேட்டரியை விடுவித்தார். சத்தம் நின்றது. பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான், தன் கைகளில் கையுறை இல்லை என்பதை ரெய்யோ பார்த்தார்.

தொற்றுநோய்ப் பிரிவின் கதவு பூட்டியிருந்தது. மணியை அழுத்தி, கதவருகே இருந்த பேசுகருவியில் விஷயத்தைச் சொல்லிக் காத்திருந்தார். ஓர் இளம் செவிலி எஃகுத் தட்டோடு வந்தாள். அவர் நீட்டிய பையைத் தட்டில் வைக்கச் சொன்னாள். நோயாளிக்குக் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார் ரெய்யோ.

"தெரியும். பெரிய பெரிய எழுத்துல எழுதிக் காட்டறோம். கண்ணாடியும் எங்கியோ விழுந்துடுச்சு போல. காகிதத்தையே பார்த்துக்கிட்டு இருக்காங்க, அப்புறம் அழறாங்க." அவள் தட்டைப் பார்த்தாள். "இது ப்ளேன்லேர்ந்தா வருது?"

சொன்னார். துடைத்த விதத்தையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி போலத்தான் கேட்டாள்.

"வெறுங்கையால எங்கியாவது தொட்டீங்களா?"

பொய் சொல்வதற்கு எல்லா வசதியும் இருந்தது. கருவியைச் சுத்தமாகத்தான் துடைத்திருந்தார். அதில் எதுவும் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்று அவருக்கே உறுதியாகத் தெரியும். இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும், ஞாயிற்றுக்கிழமை கருநீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விடலாம். அவர் தன் கைகளைப் பார்த்தார். குழந்தையின் தலைக்கு அடியில் எந்தக் கையை வைக்க வேண்டும் என்று இரண்டு வாரமாகத் தலையணையை வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். வலது கை தலைக்கு என்று முடிவாகியிருந்தது. பேட்டரியைத் தள்ளியதும் வலது கைதான்.

"தொட்டேன்" என்றார். "ரயில்ல. கத்திக்கிட்டே இருந்துச்சு."

பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும் என்றாள் செவிலி. வருத்தமாகத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பேரனின் ஞானஸ்நானம் இருக்கிறது என்று அவர் அவளிடம் சொன்னார். அவருடைய பெயரையும் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டு, கையைக் கழுவ வைத்து, ஒரு முகமூடியும் கொடுத்தாள். ரயிலில் போக வேண்டாம் என்று வண்டிக்கும் ஏற்பாடு செய்தார்கள். கெரவாவில் அவருடைய அடுக்குமாடி வாசலில் இறங்கும்போது ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமல் நல்லபடியா இருங்க என்றார்.

மாலையில் சுகாதாரத் துறை மருத்துவர் பேசினார். முதல் சோதனை தெளிவாக இல்லை, இன்னொன்று செய்ய வேண்டும், முடிவு வரும்வரை வீட்டிலேயே இருங்கள், காய்ச்சல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கம் போக வேண்டாம். பிறகு இல்க்கா பேசினான். அவன் கத்தவில்லை. இனி இந்த மாதிரி விமானங்களுக்கு உங்களைக் கூப்பிட முடியாது என்று மட்டும் சொன்னான், தன் கையில் இல்லை என்றான். ரெய்யோ அவனுக்கே ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது. கடைசியாக ஹென்னாவைக் கூப்பிட்டார். அவள் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். பின்னால் மொட்டு சிணுங்கிக்கொண்டிருந்தது, யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

"இப்ப நான் என்னப்பா செய்யணும்?"

"தள்ளி வெக்க முடியாதா?"

"போதகர் வராரு. என் மாமனார் மாமியார் வடக்கேர்ந்து நாளைக்கே கிளம்பறாங்க. கேக்குக்குச் சொல்லியாச்சு." அவள் ஒரு கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. "உங்களுக்கு வேற வழியே தெரியலையா? கூரியர்ல போட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கலாம்."

"தோணலை."

"முன்னப்பின்ன தெரியாத ஒரு பாட்டிக்காக ரயிலேறிப் போயிருக்கீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அதே ரயில்தான்ப்பா. எதிர்ப்பக்கம் ஏறினா நேரா எங்க வீடு. நானா கூப்பிடாம ஒரு தடவை ஏறி வந்திருக்கீங்களா?"

ரெய்யோ போனைக் காதோடு வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தார். வர வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. கூப்பிடாத இடத்துக்குப் போய் நிற்கும் உரிமை தனக்கு எப்போதோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதை எப்படிச் சொல்வது என்று அவர் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, தௌனோவிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி ஹென்னா வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சேய்யா கதவுக்கு வெளியே ரொட்டியும் பாலும் மீன் பொட்டலமும் வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் புல்தரையில் நின்று போன் செய்தாள். ஜன்னலுக்கு வரச்சொன்னாள். வந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்கள். பேச அதிகமில்லை. நான் பார்க்காததுபோல இருந்திருக்கக் கூடாது, தடுத்திருக்க வேண்டும் என்றாள் அவள். அவர், மீன் நல்ல மீனாக இருக்கிறது என்றார். அவள் போன பிறகும் புல்தரையில் மிச்சமிருந்த பனியில் அவள் காலணித் தடம் மட்டும் இருந்தது. அந்த நாட்கள் முழுக்க அவர் நேரில் பார்த்த முகம் அது ஒன்றுதான். அதுவும் மூன்று மாடிக்குக் கீழே.

ஞாயிறன்று யார்க்கோ, ஹென்னாவின் கணவன், தன் போனைப் புத்தக அலமாரியில் சாய்த்துவைத்து எல்லாவற்றையும் காட்டினான். அது அவன் தானாகச் செய்தது. நல்ல பையன். ரெய்யோ கோட்டைப் போட்டுக்கொண்டு, டை கட்டிக்கொண்டு, மேஜையில் போனுக்கு எதிரே உட்கார்ந்தார். ஹென்னாவின் வீட்டு முன்னறை தெரிந்தது. பாதியை ஒரு நாற்காலி முதுகு மறைத்தது. மர்யூத் ஒருமுறை குனிந்து பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாள். தௌனோ குழந்தையோடு நின்றிருந்தார். வெள்ளை அங்கி தரையைத் தொட்டது. தௌனோவின் இடது கை தலைக்கு அடியில் இருந்தது. அப்படியும் தூக்கலாம் போலிருக்கிறது என்று ரெய்யோ நினைத்தார்.

பாட்டு முடிந்து, போதகர் தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கம் திரும்பினார். எல்லோரும் கொஞ்சம் முன்னே சாய்ந்தார்கள். குழந்தைக்கு என்ன பெயர் என்று போதகர் கேட்டார். ஹென்னா சொன்னாள். அந்த நேரம் பார்த்து யாரோ நாற்காலியை இழுத்தார்கள், படம் ஒரு கணம் உறைந்தது, பிறகு அறை முழுக்க 'ஆ' என்று ஒரு மெல்லிய சந்தோஷப் பெருமூச்சு கிளம்பிவந்தது. யார்க்கோவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போதகர் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டபோது குழந்தை வீறிட்டது, அந்த அழுகைக்குள் அதுவும் போய்விட்டது. அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், வாய்கள் அசைந்தன, போனுக்கு முதுகைக் காட்டி எல்லோரும் காப்பி மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ரெய்யோ போனைக் காதில் அழுத்திக்கொண்டார். கோப்பைகளின் சத்தம்தான் கேட்டது. யார்க்கோ வந்து, எல்லாம் பார்த்தீர்களா, நன்றாகத் தெரிந்ததா என்று கேட்டான். நன்றாகத் தெரிந்தது என்றார் ரெய்யோ. பெயர் பிடித்திருக்கிறதா என்று கேட்டான்.

"ரொம்ப" என்றார்.

திங்கட்கிழமை யாரும் பேசவில்லை. தெர்மாமீட்டர் மட்டும் வாயில் வைக்க, எடுக்க என்று இருந்தது. கேட்டுவிடலாம் என்று பலமுறை போனை எடுத்தார். எல்லோரும் இருந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயரை, மறுநாள் போன் செய்து, எனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஹென்னா என்ன நினைப்பாள்? கவனிக்கவில்லை என்று நினைப்பாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆண்பிள்ளைப் பெயர்களை ஒவ்வொன்றாக நினைத்து, ஹென்னாவின் வாய் அசைந்த அசைவோடு ஒட்டிப் பார்த்தார். முதலில் உதடு குவிந்தது, அது மட்டும் நிச்சயம்.

செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவர் பேசினார். கிழவிக்கு மலேரியா. கடுமையான மலேரியா, ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுகிறதல்ல. மூக்கில் ரத்தம் வந்ததற்கு அவள் சாப்பிடும் இதய மாத்திரைதான் காரணமாக இருக்கலாம். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார். ரெய்யோ அதை ஹென்னாவுக்கு எழுதி அனுப்பினார். 'நல்லது' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அவர் காலணியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, கட்டிடத்தைச் சுற்றி நடந்துவிட்டு, மேலே வந்தார். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றான பிறகு அவருக்குப் போகிற இடம் ஒன்றும் தோன்றவில்லை.

மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ரெய்யோங்கிறது நீதானா? சத்தமாப் பேசு. நான் ஔனே. அந்த ப்ளேனை நாறடிச்சவ."

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"உடம்பைக் கேக்கறியா? கிடக்கு. காது மிஷினை எதைப் போட்டுக் கழுவினே தம்பி? மாட்டினா நீச்சல்குளத்துல முங்கின மாதிரி வாடை அடிக்குது." இருமினாள். இருமல் முடியும்வரை அவரைக் காக்கவைத்தாள். இளவயதில் நமீபியாவில் திருச்சபை மருத்துவமனை ஒன்றில் மருத்துவச்சியாக இருந்தவளாம். தான் கையில் வாங்கிய குழந்தை ஒன்றின் அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்குப் போய்வந்திருக்கிறாள். மலேரியா எனக்குப் புதுசா, எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன், என் வாயை யாராவது திறக்கவிட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், ஆனால் காய்ச்சலில் எனக்கே புத்தி பேதலித்துவிட்டது என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. காது கேட்காதவர்கள் ரகசியம் சொல்வது போல, அப்போதும் உரக்கத்தான்.

"நான் செத்துட்டேன்னே நினைச்சுட்டேன். வெள்ளை வெள்ளையா வந்து நிக்கறாங்க. வாய் இல்ல. சத்தம் இல்ல. வாழ்நாள் பூரா பரலோகத்துல பாட்டு இருக்கும்னு சொல்லிச் சொல்லி எத்தனை பேரை அனுப்பி வெச்சிருக்கேன். இங்க ஒரு பாட்டையும் காணோமேன்னு கிடந்தேன். யார்கிட்ட போய்க் கேக்கறது? அப்புறம் அந்த நர்ஸ் பொண்ணு வந்து காதுல மாட்டிவிட்டா. முதல்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? அவ வயிறு. கடமுடான்னு. பாவம், காலையிலேர்ந்து சாப்பிடலையாம்." அவள் சிரித்தாள். "அதைக் கேட்டு அழுதேன் பாரு, அவ பயந்துட்டா."

நல்லது என்றார். சத்தமாகச் சொல் என்றாள். நல்லது என்று கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைக் குறைத்தது கேட்டது.

"என்னால உனக்கு என்னமோ வீணாப்போச்சாமே. அந்தப் பொண்ணு சொல்லிச்சு. பேரனா பேத்தியா?"

"பேரன்."

"பேரு?"

"தெரியல" என்றார். வேறு யாரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டார். "போன்ல காட்டினாங்க. சத்தத்துல கேக்கல."

அவளுக்குத் தான் சொன்னது காதில் விழவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தார்.

"காது கேக்காதவ நானே நாள்பூரா என்ன, என்னன்னு கேட்டுக்கிட்டுத்தான் திரியறேன்" என்றாள் ஔனே. "எல்லாருக்கும் எரிச்சலா வரும். வரட்டும்." தட்டு வைக்கிற ஓசை கேட்டது. "சூப் வந்துடுச்சு. வைக்கிறேன்." வைத்துவிட்டாள்.

அவர் ஹென்னாவுக்கு எழுதினார். எழுதி அழித்து, மறுபடி எழுதினார். 'பெயர் சொன்னபோது எனக்குக் கேட்கவில்லை. நாற்காலிச் சத்தம். கேட்க வெட்கமாக இருந்தது.' அனுப்பிவிட்டு, போனை மேஜையில் கவிழ்த்துவைத்தார். காப்பி போட்டார். அது ஆறிய பிறகு போன் அதிர்ந்தது. ஒரே ஒரு சொல் வந்திருந்தது. 'ஓட்ஸோ.'

கரடிக்குப் பழைய பாட்டுகளில் மரியாதையாக வைத்த பெயர். காட்டில் அதை நேரடியாகக் கரடி என்று சொன்னால் வந்துவிடும் என்று பயந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். அவருடைய குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் இருந்ததில்லை. உதடு குவிந்தது சரிதான். ஆளில்லாத சமையலறையில் அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். பிறகு கோட்டை எடுத்தார், கருநீலத்தை அல்ல, எப்போதும் போடுவதை. ரயில் நிலையத்துக்கு நடந்தார். வடக்கே போகும் ரயிலின் நடைமேடையில் நின்றார். வருகிறேன் என்று சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் ஹென்னாவின் ஊரான ஹைவின்கா வந்துவிட்டது.

ஹென்னாவின் வீடு வரிசை வீடுகளில் கடைசி. சின்னத் தோட்டம், வேலி இடுப்புயரம். வாசல் மணியை அழுத்தப் போனவர், வீட்டின் பக்கவாட்டில் குழந்தையின் தள்ளுவண்டி நிற்பதைப் பார்த்து நின்றார். அந்த ஊர்களில் எல்லோரும் செய்வதுபோல, மதியத் தூக்கத்துக்குக் குழந்தையை வெளிக்காற்றில் விட்டிருந்தார்கள். வண்டியின் மேல்மூடி பாதி இறக்கியிருந்தது. கம்பளிக்குள் முகம் மட்டும், ஓர் உள்ளங்கை அளவு, வெயிலில் கன்னம் சிவந்து, வாய் லேசாகத் திறந்து. நேரில் பார்ப்பது இது மூன்றாவது தடவை. மூக்கு போன தடவையைவிட மூக்காகியிருந்தது. ரெய்யோ கொஞ்சம் எட்டவே நின்று பார்த்தார். கூரையில் ஏறியிருந்த பனி வெயிலுக்கு இளகிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தியபோது கூரை விளிம்பு காய்ந்து இருந்திருக்க வேண்டும். இப்போது அங்கிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வண்டியின் மேல்மூடியில் பட்டுத் தெறித்தது. குழந்தையின் இமை அசைந்தது. இன்னொரு சொட்டு, இந்தமுறை கம்பளியின் மேல்.

வண்டியை ஓரடி இழுத்தால் போதும். கைப்பிடி அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் கையை நீட்டினார். கை அந்தரத்திலேயே நின்றது. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இதைத் தொடலாம் என்று ஹென்னா இன்னும் சொல்லவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டிக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடைவெளியில் ஒருக்களித்து நுழைந்து நின்றார். அடுத்த சொட்டு அவர் தோளில் விழுந்தது. அதற்கடுத்தது தொப்பியில். கொஞ்சம் நகர்ந்து, சரியாக அந்த இடத்துக்கு வந்தார். குளிர்ந்த நீர் காலருக்குள் இறங்கி முதுகில் ஓடியது. கீழே குழந்தை ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி தூக்கத்துக்குள் போனது.

சமையலறை ஜன்னலில் திரை ஒதுங்கியது. ஹென்னா கையில் ஈரத்துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரெய்யோ அசையவில்லை. கூரையிலிருந்து சொட்டுகள் இப்போது வேகமாக விழத் தொடங்கியிருந்தன.